வேர்ச்சுவல் மெஷினில் கணினி திருத்தப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்பொருள் பாடநெறி படிப்பவர்கள், யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ ஒரு கடையில் பழகுநராகச் சேரப்போகிறவர்கள், வீட்டில் இருக்கும் ஒரே கணினியைக் கெடுத்துவிடக்கூடாதே என்று தயங்குபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதியிருக்கிறோம். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும்.

வேர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன? திருத்தப் பழக அது எதற்கு?

உங்கள் கணினிக்குள் ஒரு மென்பொருள் உருவாக்கித் தரும் இன்னொரு கணினி அது. அதற்கென்று தனி பயோஸ் (கணினியைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள்), தனி ராம், தனி ஹார்ட் டிஸ்க் உண்டு. அந்த ஹார்ட் டிஸ்க் உண்மையில் உங்கள் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான். உள்ளே வின்டோஸை அழிக்கலாம், பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் ஒரு பகுதியை, தூக்கி எறியலாம், பூட் ஆகாமல் செய்யலாம். வெளியே இருக்கும் உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகாது.

வின்டோஸ் போடப் பழகுவதற்கு மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. இரண்டு தரம் போட்டால் அது கைக்கு வந்துவிடும். கடைக்கு வரும் கணினி நன்றாக ஓடிக்கொண்டு வருவதில்லை, பழுதாகித்தான் வருகிறது. ஆகவே வேண்டுமென்றே பழுதாக்கி, காரணம் தெரிந்த பழுதைக் காரணம் தெரியாதவர்போல் தேடிப் பழகுவதே இங்கே நடக்கவேண்டிய வேலை.

என்னுடைய கணினி தாங்குமா?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். உள்ளே ஓடும் கணினிக்குக் கொடுக்கும் ராம் உங்கள் ராமிலிருந்துதான் போகிறது. 4 ஜி.பி. ராம் உள்ள கணினியில் வின்டோஸுக்குள் வின்டோஸ் ஓட்ட முயலாதீர்கள், இரண்டுமே நின்றுவிடும். 8 ஜி.பி. இருந்தால் வின்டோஸ் 10க்கு 3 முதல் 4 ஜி.பி. வரை கொடுக்கலாம். ஆனால் ப்ரௌசரை மூடிவிட்டு வேலை செய்யவேண்டும். 16 ஜி.பி. இருந்தால் கவலையில்லை.

ராமைவிட அதிகம் படுத்துவது டிஸ்க். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் வாசித்து எழுதினால் எல்லாம் ஆமை வேகம்தான். எஸ்.எஸ்.டி.யில் குறைந்தது 100 ஜி.பி. காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு பாகம் வாங்கத்தான் போதும் என்றால், 8 ஜி.பி. ராமும் பழைய டிஸ்க்கும் உள்ளவர் எஸ்.எஸ்.டி.யை வாங்கட்டும்.

எம் 1, எம் 2 போன்ற அப்பிள் சிப் உள்ள மக் கணினிகளில் வழக்கமான இன்டெல் வகை வின்டோஸ் இந்த முறையில் ஓடாது. ஆர்ம் வகை வின்டோஸ் ஓடும், ஆனால் கடைக்கு வரும் கணினிகளுக்கு ஏற்ற பயிற்சி அதில் கிடைக்காது.

பயோஸில் எதையாவது மாற்றவேண்டுமா?

முதலில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சி.பி.யூ.வை அழுத்திப் பாருங்கள். கீழே வேர்ச்சுவலைசேஷன் என்ற இடத்தில் எனேபிள்ட் என்று இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். டிசேபிள்ட் என்று இருந்தால் பயோஸுக்குள் போகவேண்டும். எச்.பி.யில் பெரும்பாலும் எஃப் 10, டெல்லில் எஃப் 2, ஏசுஸில் எஃப் 2 அல்லது டிலீட் விசை, லெனோவோவில் எஃப் 1 அல்லது எஃப் 2. இன்டெல் போர்ட்டில் இன்டெல் வேர்ச்சுவலைசேஷன் டெக்னொலஜி என்று இருக்கும். ஏ.எம்.டி. போர்ட்டில் எஸ்.வி.எம். மோட் என்று இருக்கும், சில போர்ட்டுகளில் அது ஓவர்குளொக்கிங் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும்.

பயோஸைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். புதிய லப்டொப்களில் உரிமையாளருக்கே தெரியாமல், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் ஓடிக்கொண்டிருக்கலாம். பயோஸ் மாற்றத்துக்குப் பிறகு அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி எங்கே இருக்கிறது என்று மைக்ரோசொஃப்ட் கணக்கில் முதலே பார்த்து எழுதி வையுங்கள். வாடிக்கையாளரின் லப்டொப்பில் கைவைக்கும்போதும் இதே பழக்கம் வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது?

தொடங்குபவர்களுக்கு ஒரக்கிளின் வேர்ச்சுவல்பொக்ஸ். இலவசம், வின்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், ஸ்னப்ஷொட் வசதி (மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்துவைத்து, வேண்டும்போது அதற்கே திரும்புவது) உண்டு. அதோடு தனியாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பக் உங்களுக்குத் தேவையில்லை. அது தனிப்பட்ட பாவனைக்கும் கல்விக்கும்தான் இலவசம். கடைக் கணினியில் போட்டால் உரிமச் சிக்கல்.

வி.எம்.வெயார் வேர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. கிராஃபிக்ஸ் அதில் வேகம். ஆனால் இறக்குவதற்கு ப்ரொட்கொம் தளத்தில் கணக்குத் திறந்து அலையவேண்டும். வின்டோஸோடு வரும் ஹைப்பர்-வி ஹோம் பதிப்பில் கிடையாது, ப்ரோவில் உண்டு. கீழே சொல்வதெல்லாம் வேர்ச்சுவல்பொக்ஸ் 7ஐ வைத்து.

வின்டோஸ் ஐ.எஸ்.ஓ.வுக்கு எங்கே போவது? காசு கட்டவேண்டுமா?

ஐ.எஸ்.ஓ. என்பது நிறுவும் டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பு. அதை மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். வின்டோஸ் 10, 11 இரண்டும் ஏறத்தாழ 5 முதல் 7 ஜி.பி. வரை வரும். உங்கள் இணையப் பொதியில் இரவுக்குத் தனி டேட்டா இருந்தால் படுக்கப்போகும்போது போட்டுவிடுங்கள். லினக்ஸ் மின்ட் ஏறத்தாழ 3 ஜி.பி. கோப்பு கிடைத்தவுடன் ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து வைத்தால் நண்பர்களும் மறுபடி இறக்கவேண்டியதில்லை.

நிறுவும்போது சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்பதை அழுத்துங்கள். மூலையில் அக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்து நிற்கும், வோல்பேப்பர் மாற்ற விடாது, பயிற்சிக்கு அது இடைஞ்சலே இல்லை. என்டர்பிரைஸ் பதிப்பை 90 நாள் மதிப்பீட்டுக்கு மைக்ரோசொஃப்ட்டே தருகிறது. சீ.டி. கடையில் கிடைக்கும் 'முழுதும் அக்டிவேட் செய்த' வின்டோஸைப் பயிற்சிக்கும் எடுக்காதீர்கள். அதில் யார் எதை மாற்றிவைத்தார் என்று தெரியாது. பழுது நீங்கள் செய்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போனால் பயிற்சியே வீண்.

வின்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஆனாலும் அது ஓடும் கணினிகள் கடைகளுக்கு இன்னும் வரும், அதைப் பழகாமல் விட முடியாது.

மெஷினை உருவாக்கும்போது என்னென்ன கொடுக்கவேண்டும்?

புதிய மெஷின் என்பதை அழுத்தி, பெயர் கொடுத்து, ஐ.எஸ்.ஓ.வைத் தெரிவு செய்தவுடன் 'ஸ்கிப் அன்அட்டென்டட் இன்ஸ்டோலேஷன்' என்ற பெட்டியில் சரி அடையாளம் இடுங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விட்டால் வேர்ச்சுவல்பொக்ஸே உங்களுக்காக எல்லாவற்றையும் நிறுவ முயலும், சிலவேளை உரிம விதிகளைக் காணவில்லை என்று பாதியில் நிற்கும். நிற்காமல் முடிந்தாலும் நிறுவும் படிகள் ஒன்றையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வின்டோஸ் 10க்கு ராம் 4096 எம்.பி., முடியாவிட்டால் 3072. சி.பி.யூ. 2. டிஸ்க் 50 ஜி.பி., டைனமிக் வகை. டைனமிக் என்றால் 50 ஜி.பி.யும் உடனே பிடிக்கப்படாது, நிரம்ப நிரம்பத்தான் வளரும். வின்டோஸ் 11 என்றால் ராம் 4 ஜி.பி.க்குக் குறையக்கூடாது, டிஸ்க் 64 ஜி.பி. வேண்டும், அது கேட்கும் பாதுகாப்பு வசதிகளான டி.பி.எம். 2.0ஐயும் செக்யூர் பூட்டையும் சிஸ்டம் அமைப்பில் இயக்கவேண்டும். இவ்விரண்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் 7இலிருந்துதான் வந்தன, பழைய 6 வைத்திருப்பவர்கள் முதலில் புதுப்பியுங்கள்.

இரண்டு வின்டோஸ் 10 மெஷின்கள் செய்யுங்கள். ஒன்றில் இ.எஃப்.ஐ. (பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த புதிய பூட் முறை, யூ.இ.எஃப்.ஐ. என்பதும் இதுதான்) இயக்கியும் மற்றதில் இயக்காமலும். பழைய டெஸ்க்டொப்கள் பயோஸ் முறையில் பூட் ஆகின்றன, இப்போதைய லப்டொப்கள் இ.எஃப்.ஐ. முறையில். திருத்தும் வழியும் வேறு.

நிறுவி, அப்டேட் முடித்து, ஒரு சில ஆவணங்களும் படங்களும் உள்ளே போட்டு, முழுதாக நிறுத்திவிட்டு ஸ்னப்ஷொட் எடுங்கள். 'சுத்தம்' என்று பெயர் வையுங்கள்.

ஐ.எஸ்.ஓ. போட்டும் 'நோ பூட்டபிள் மீடியம்' என்று வருகிறது.

மூன்றில் ஒன்று. ஐ.எஸ்.ஓ. டிரைவில் கொழுவப்படவில்லை. அல்லது இறக்கம் பாதியில் நின்ற கோப்பு, அளவைப் பார்த்தாலே தெரியும். அல்லது, இ.எஃப்.ஐ. மெஷினில் 'ஏதாவது ஒரு விசையை அழுத்துக' என்று வரும் சில விநாடிகளைத் தவறவிட்டுவிட்டீர்கள். சுட்டியை அந்த ஜன்னலுக்குள் முதலில் அழுத்தினால்தான் விசை உள்ளே போகும். வெளியே வர வலப்பக்கக் கொன்ட்ரோல் விசை.

நிறுவி முடிந்து மறுதொடக்கம் ஆகும்போது 'விசையை அழுத்துக' என்ற அதே செய்தி மீண்டும் வரும். அப்போது எதையும் அழுத்தக்கூடாது, அழுத்தினால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும்.

ஓடுகிறது, ஆனால் தாங்க முடியாத மந்தம். ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமை ஒன்று இருக்கிறது.

அந்த ஆமை வேடிக்கைக்கு வைத்ததல்ல. உங்கள் வின்டோஸில் ஹைப்பர்-வி ஏற்கெனவே சி.பி.யூ.வின் வேர்ச்சுவலைசேஷனைப் பிடித்துவைத்திருக்கிறது, வேர்ச்சுவல்பொக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். வின்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசோலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்துங்கள். வின்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபோம், வின்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபோம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிறகும் ஆமை போகாவிட்டால் நிர்வாகி கட்டளை ஜன்னலில் பி.சி.டி.எடிட் /செட் ஹைப்பர்வைசர்லோஞ்ச்டைப் ஒஃப் என்று கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். வின்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 பாவிப்பவர்களுக்கு அது நின்றுபோகும். திரும்ப வேண்டுமென்றால் ஒஃப் என்ற இடத்தில் ஓட்டோ.

மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. பயிற்சி நேரம் தவிர மற்ற நேரம் அதை இயக்கி வைப்பது நல்லது.

முதல் பழுதாக எதைச் செய்து பார்ப்பது?

பூட் ஆகாத வின்டோஸ். கடையில் அதிகம் பார்ப்பது, வாடிக்கையாளர் அதிகம் பயப்படுவது, தெரியாதவர்கள் உடனே ஃபோமட் அடித்துவிடுவது எல்லாம் இதைத்தான்.

இ.எஃப்.ஐ. மெஷினை எடுங்கள். வின்டோஸ் ஐ.எஸ்.ஓ.வில் பூட் செய்து, மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட் + எஃப் 10. கறுப்பு ஜன்னல் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் டிஸ்க், செலெக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன். வழக்கமாக நான்கு தெரியும்: 100 எம்.பி. சிஸ்டம், 16 எம்.பி. ரிசேர்வ்ட், பெரிய வின்டோஸ் பகுதி, கடைசியில் ரிகவரி. அந்த 100 எம்.பி.தான் உங்கள் இரை. செலெக்ட் பார்ட்டிஷன் 1, அசைன் லெட்டர்=எஸ், எக்சிட். பிறகு ஃபோமட் எஸ்: /எஃப்.எஸ்:ஃபட்32 /க்யூ. மெஷினை மறுதொடக்கம் செய்யுங்கள். வின்டோஸ் வராது. உங்கள் ஆவணங்கள் ஒன்றும் அழியவில்லை, வின்டோஸும் அப்படியே இருக்கிறது, அதைத் தொடக்கிவிடும் கோப்புகள் மட்டும்தான் போயின.

இந்த நிலையில் இன்னொரு ஸ்னப்ஷொட், 'உடைந்தது 1'.

இனித் திருத்துங்கள். மறுபடி ஐ.எஸ்.ஓ., ஷிஃப்ட் + எஃப் 10, டிஸ்க்பார்ட். இம்முறை லிஸ்ட் வொலியூம். வின்டோஸ் உள்ள பகுதிக்கு எந்த எழுத்து வந்திருக்கிறது என்று பாருங்கள். மீட்புச் சூழலில் அது சி: ஆகத்தான் இருக்கும் என்று நம்பக்கூடாது, டி: ஆகவும் வரும். டிர் கட்டளை கொடுத்து உள்ளே வின்டோஸ், யூசர்ஸ் கோப்புறைகள் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். 100 எம்.பி. பகுதிக்கு முன்போலவே எஸ் எழுத்துக் கொடுத்து வெளியே வந்து, பி.சி.டி.பூட் சி:\வின்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூ.இ.எஃப்.ஐ. என்று கொடுங்கள் (வின்டோஸ் டி:யில் இருந்தால் சி:க்குப் பதில் டி:). பூட் கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்று ஒரே வரியில் பதில் வரும். ஐ.எஸ்.ஓ.வைக் கழற்றிவிட்டுத் தொடக்குங்கள்.

எல்லா வீடியோக்களிலும் பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட் என்கிறார்கள். எனக்கு 'அக்சஸ் இஸ் டினைட்' என்றே வருகிறது.

அது பழைய பயோஸ் முறைக்கான மருந்து. யூ.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவிய வின்டோஸ் 10இல் ஃபிக்ஸ்பூட் இப்படி மறுப்பது வழமை. நீங்கள் ஏதும் பிழையாகச் செய்யவில்லை. அங்கே மேலே சொன்ன பி.சி.டி.பூட்தான் வழி.

பூட்ரெக்கைப் பழக உங்கள் இரண்டாவது மெஷினை, அதாவது இ.எஃப்.ஐ. இயக்காததை, எடுங்கள். அதில் டிஸ்க்பார்ட் வழியாக முதல் பார்ட்டிஷனைத் தெரிவு செய்து இன்அக்டிவ் என்று கொடுத்தால் பூட் நின்றுவிடும். பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்.பி.ஆர். கொடுத்துப் பாருங்கள், தீராது. காரணம், அது டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் எம்.பி.ஆரில் உள்ள தொடக்கக் குறியீட்டை மட்டுமே எழுதும், எந்தப் பகுதி அக்டிவ் என்ற பட்டியலைத் தொடாது. அதே பார்ட்டிஷனை மறுபடி தெரிவு செய்து அக்டிவ் என்று ஒரு சொல் கொடுத்தால் முடிந்தது. எந்தக் கட்டளை எதைத் தொடுகிறது என்று தெரியாமல் பூட்ரெக் கட்டளைகள் எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டுபவர்களுக்கு இந்தப் பழுது நல்ல பாடம்.

வின்டோஸ் நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கே தெரியாத பழுதை உள்ளே உருவாக்க முடியுமா?

முடியும். இப்போதைய லப்டொப்களில் இது அடிக்கடி வருவதால் கட்டாயம் பழகவேண்டும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதலான பல லப்டொப்களில் டிஸ்க்கை இணைக்கும் வி.எம்.டி. என்ற கட்டுப்படுத்தி இயங்கிக்கொண்டிருந்தால், வின்டோஸ் நிறுவும் திரையில் டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிப் புதியது வாங்க வைத்த கதைகள் உண்டு. உண்மையில் குறைவது டிரைவர், அதாவது அந்த வன்பொருளை வின்டோஸுக்கு அடையாளம் காட்டும் மென்பொருள், மட்டுமே.

வேர்ச்சுவல்பொக்ஸில் இதே நிலை: இ.எஃப்.ஐ. இயக்காத புதிய மெஷின் ஒன்றில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் விர்ட்டியோ-ஸ்கசி கட்டுப்படுத்தி ஒன்றைச் சேர்த்து, ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டுங்கள். வின்டோஸ் ஐ.எஸ்.ஓ. பழைய சாட்டா கட்டுப்படுத்தியிலேயே இருக்கட்டும். விர்ட்டியோ-வின் என்ற டிரைவர் ஐ.எஸ்.ஓ.வை இலவசமாக இறக்கி இரண்டாவது சீ.டி. டிரைவாகப் போடுங்கள். நிறுவத் தொடங்கினால் டிஸ்க் பட்டியல் காலி. லோட் டிரைவர், ப்ரௌஸ், விர்ட்டியோ-வின் சீ.டி., வியோஸ்கசி, டபிள்யூ10, ஏ.எம்.டி.64. டிரைவரைத் தெரிவு செய்தவுடன் டிஸ்க் தோன்றும்.

நிஜ லப்டொப்பில் செய்யும்போது இரண்டு இடங்களில் சறுக்கும். இன்டெல் தரும் டிரைவர் ஒரு நிறுவும் கோப்பாக வரும், அதை அப்படியே பென் ட்ரைவில் போட்டால் நிறுவல் திரைக்கு அது தெரியாது. வேறொரு கணினியில் பிரித்தெடுத்து, உள்ளே உள்ள ஐ.என்.எஃப். கோப்புகள் வெளியே தெரியும்படி போடவேண்டும். இரண்டாவது, பயோஸில் வி.எம்.டி.யை நிறுத்தினாலும் டிஸ்க் தெரியும்தான். ஆனால் அதில் ஏற்கெனவே வின்டோஸ் இருந்தால் அது இன்அக்சசிபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரை காட்டும். வாடிக்கையாளரின் தரவு உள்ளே இருக்கும்போது அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

நெட்வேர்க் பழுதுகள்?

இவற்றுக்கு ஸ்னப்ஷொட்கூட வேண்டாம். நட் முறையில் (உங்கள் கணினியின் இணைப்பையே உள்ளே இருப்பதும் பகிர்ந்துகொள்ளும் முறை) உள்ளே இருக்கும் கணினிக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரியும் 10.0.2.2 என்ற கேட்வேயும் கிடைக்கும். அமைப்பில் 'கேபிள் கனெக்டெட்' அடையாளத்தை எடுத்தால் வயர் கழன்ற கணினி. இன்டர்னல் நெட்வேர்க் முறைக்கு மாற்றினால் முகவரி கொடுக்க ஆளில்லை, கொஞ்சம் பொறுத்து ஐ.பி.கொன்ஃபிக் கொடுத்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி நிற்கும். ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்பதன் அடையாளம் அது. மூன்றாவதாக, தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ்.இன் முகவரியைக் கையால் 10.0.2.99 என்று பிழையாகக் கொடுங்கள். 8.8.8.8க்குப் பிங் போகும், எந்தத் தளமும் திறக்காது. 'வை-ஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை' என்று கொண்டுவரும் கணினிகளில் இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

தரவு மீட்பைப் பழகுவது எப்படி?

மெஷினுக்கு 4 ஜி.பி.யில் இரண்டாவது டிஸ்க் ஒன்று சேர்த்து, என்.டி.எஃப்.எஸ். ஃபோமட் செய்து, படங்களும் வேர்ட் கோப்புகளும் போடுங்கள். டிஸ்க் மனேஜ்மென்டில் அந்தப் பகுதியை அழியுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியில் டிஸ்க்கைத் தெரிவு செய்து, அனலைஸ், குவிக் சேர்ச் போனால் தொலைந்த பகுதி பச்சை நிறத்தில் தெரியும். பி விசையை அழுத்திக் கோப்புகளைப் பார்த்து உறுதி செய்த பிறகே ரைட். அடுத்த தடவை பகுதியை அழிக்காமல் குவிக் ஃபோமட் அடித்துவிட்டு ஃபோட்டோரெக்கை ஓடவிடுங்கள். படங்கள் வரும், ஆனால் கோப்புப் பெயர்களும் கோப்புறைகளும் வராது. 'எல்லாம் எடுத்துத் தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கும் முன் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கவேண்டும்.

மீட்டதை மீட்கும் டிஸ்க்கிலேயே ஒருபோதும் சேமிக்காதீர்கள். வாடிக்கையாளரின் நிஜ எஸ்.எஸ்.டி.யில் இது அப்படியே பலிக்காது. ட்ரிம் வசதி அழித்த இடத்தை டிஸ்க்குக்கு அறிவித்துவிடும், பிறகு எந்தக் கருவியாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

ஃபோமட் செய்து கொடுத்த பிறகு 'என் தமிழ் எழுத்தெல்லாம் இங்லிஷ் ஆகிவிட்டது' என்று திரும்பி வருகிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தட்டச்சு, அச்சு வேலை செய்யும் இடங்களின் கணினியைத் தொடுபவர்களுக்கு இது நிச்சயம் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணத்தில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகள்தான், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு போனால் 'மொழி' போய்விடும். சிங்களத்தில் எஃப்.எம். அபயாவுக்கும் இதே கதை.

வேர்ச்சுவல் மெஷினில் பாமினியை நிறுவி ஒரு வேர்ட் கோப்புத் தட்டி, எழுத்துருவை நீக்கிப் பாருங்கள். பிறகு திரும்பப் போடுங்கள், கோப்பு ஒன்றும் கெடவில்லை என்று தெரியும். ஃபோமட்டுக்கு முன் வின்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபொன்ட்ஸை மட்டும் பிரதி எடுத்தால் போதாது. இப்போதைய வின்டோஸில் ஒரு பயனர் தனக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவருடைய ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், வின்டோஸ், ஃபொன்ட்ஸ் என்ற பாதையில் கிடக்கும். பலர் தவறவிடுவது இரண்டாவதைத்தான்.

வைரஸ் உள்ள பென் ட்ரைவை உள்ளே போட்டுப் பழகலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். பென் ட்ரைவ் முதலில் உங்கள் நிஜக் கணினியில்தான் மாட்டப்படுகிறது, உள்ளே போவது அதன் பிறகு. அன்ரிவைரஸ் எப்படிப் பிடிக்கிறது, எங்கே அடைத்து வைக்கிறது என்று பார்ப்பதற்கு ஐகார் சோதனைக் கோப்புப் போதும். அது 68 எழுத்துகள் கொண்ட தீங்கில்லாத கோப்பு, எல்லா அன்ரிவைரஸும் அதை வைரஸாகவே நடத்தும். சந்தேகமான எதையாவது திறந்தே ஆகவேண்டும் என்றால் ஷெயார்ட் ஃபோல்டர், கிளிப்போர்ட் பகிர்வு, நெட்வேர்க் மூன்றையும் நிறுத்திவிட்டுத் திறவுங்கள். நட் முறைகூட வீட்டு நெட்வேர்க்கில் உள்ள மற்றக் கருவிகளை எட்டவிடும்.

ஸ்னப்ஷொட் இருக்கும்போது கஷ்டப்பட்டு ஏன் திருத்தவேண்டும்? பின்னுக்குப் போனால் போதாதா?

போதும், மெஷின் திரும்ப வேண்டும் என்றால். வாடிக்கையாளரின் கணினியில் அந்தப் பொத்தான் இல்லை. 'உடைந்தது' நிலையிலிருந்து திருத்தி முடிக்காமல் 'சுத்தம்' நிலைக்குப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்த எடுத்த முயற்சி பிழைத்து நிலைமை இன்னும் மோசமானால் 'உடைந்தது' நிலைக்குத் திரும்பி வேறு வழி பாருங்கள். இருவராகப் பழகினால் இன்னும் நல்லது: ஒருவர் பழுதாக்கி மெஷினை ஏற்றுமதி செய்து கொடுக்க, மற்றவர் என்ன பழுது என்றே தெரியாமல் தொடங்கட்டும். கோப்பை மட்டும் பிரதி செய்து இரண்டாவது மெஷினில் மாட்டினால் ஒரே அடையாள எண் என்று வேர்ச்சுவல்பொக்ஸ் மறுக்கும். எக்ஸ்போர்ட் அல்லது குளோன் வழியாகச் செய்யவேண்டும்.

ஸ்னப்ஷொட் காப்புப்பிரதி அல்ல. மூல டிஸ்க் கோப்பு போனால் அதன்மேல் அடுக்கிய எல்லாம் போய்விடும். ஒவ்வொன்றும் இடத்தையும் தின்னும். பயிற்சி முடிந்தவற்றை அழியுங்கள், டிஸ்க் நிரம்பினால் மெஷின் இடைநடுவில் நின்றுவிடும்.

திடீரென்று கரண்ட் போனால்?

டெஸ்க்டொப்பில் யூ.பி.எஸ். இல்லாமல் ஓட்டினால் உள்ளே உள்ள வின்டோஸும் வெளியே உள்ளதும் சேர்ந்து அடிபடும். மின்வெட்டு நேரம் தெரிந்திருந்தால் ஜன்னலை மூடும்போது 'சேவ் ஸ்டேட்' கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடிபட்டே போனால் அதையும் வீணாக்காதீர்கள். நிஜமாகக் கெட்ட ஒரு வின்டோஸ் கைக்கு வந்திருக்கிறது. செக்டிஸ்க் /எஃப் (தட்டவேண்டியது சி.எச்.கே.டி.எஸ்.கே.), பிறகு டிஸ்ம் /ஒன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த், அதன் பிறகு எஸ்.எஃப்.சி. /ஸ்கான்நவ். எஸ்.எஃப்.சி. நல்ல கோப்புகளை எடுக்கும் களஞ்சியத்தைச் சரிசெய்வது டிஸ்ம் என்பதால்தான் இந்த வரிசை.

ஏ பிளஸ் பரீட்சைக்கு இது போதுமா?

கணினி திருத்துபவர்களுக்கான சான்றிதழான கொம்ப்டியா ஏ பிளஸுக்கு இரண்டு தாள்கள். இயங்குதளம், பாதுகாப்பு, மென்பொருள் பழுது ஆகியவை வரும் இரண்டாம் தாளுக்கு மிகவும் உதவும். வன்பொருள் வரும் முதல் தாளுக்குக் கொஞ்சம்தான். ராமைக் கழற்றிப் பூட்டுவது, தேர்மல் பேஸ்ட் பூசுவது, பவர் சப்ளையை மல்டிமீட்டரால் அளப்பது, லப்டொப் கீபோர்ட்டின் மெல்லிய நாடாவைக் கிழிக்காமல் எடுப்பது எதையும் திரைக்குள் பழக முடியாது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையும் உள்ளே கிடைக்காது. கழற்றிப் பூட்டும் வேலைகளுக்கு ஓடாத பழைய டெஸ்க்டொப் ஒன்றைத் தேடிப்பிடியுங்கள். டி.டி.ஆர். 3 காலத்துப் பெட்டி போதும், கேசிங் கீறியிருந்தாலும் பரவாயில்லை. மதர்போர்டில் கொண்டென்சர்கள் வீங்கியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வீங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கழற்றிப் பூட்டப் பழக அதுவும் உதவும்.